சுதாவின் யோசனையும் என் பொறாமையும்

கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டு போகும் அஜைல் முறையில் செய்வதா, முழுத் திட்டம் போட்டுச் செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்ட முகாமை வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். இரண்டைப் பற்றியும் நல்ல பாடப்புத்தகங்கள் இருக்கின்றன. உங்களில் பலர் என்னைவிட அதிகம் படித்தும் இருப்பீர்கள். அதனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தத் தேர்வைச் செய்கிற நேரத்தில் உங்கள் பக்கத்து மேசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு வழி அவருடையது, மற்றது உங்களுடையது என்று அலுவலகம் முழுவதும் பேசிக்கொள்ளும். அப்போது நீங்கள் தேர்ந்தெடுப்பது வழியையா, ஆளையா என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியாது.

என் பக்கத்து மேசையில் இருந்தவள் சுதா.

கிழக்கு லண்டனில் ஒரு பெரிய வைத்தியசாலையில் நான் திட்ட முகாமையாளராக இருந்தேன். வார்டுகளை மாற்றுவது, புதிய கட்டடம் திறப்பது, பழைய கணினி முறையைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவருவது, இவைதான் என் வேலை. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எது எதற்குப் பிறகு வர வேண்டும், எது தவறினால் எது நிற்கும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி, எழுதியபடி நடத்துவேன். பல வருடங்கள் நன்றாகத்தான் நடத்தினேன். பிறகு பெருந்தொற்று அடங்கிய காலத்தில் சுதா வந்தாள். திருச்சிக்காரி. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்து எங்களிடம் மாறி வந்தவள், ஈஸ்ட் ஹாமில் வீடு. என்னைவிடப் பல வயது இளையவள்.

அவள் வேலை செய்கிற விதம் வேறு. எல்லாவற்றையும் முதலிலேயே தீர்மானிக்க மாட்டாள். சின்னதாக ஒன்றைச் செய்து பார்ப்பாள். அதைப் பாவிக்கிறவர்களிடம் காட்டுவாள், அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றுவாள், பிறகு அடுத்ததைச் செய்வாள். அதற்காகத் தாழ்வாரச் சுவரில் வண்ணக் காகிதங்களை ஒட்டி வைத்திருந்தாள். காலையில் அதன் முன்னால் எல்லோரும் நின்றபடியே சிறிது நேரம் பேசுவார்கள். சிரிப்புச் சத்தம் என் அறைவரை கேட்கும். என் கூட்டங்களில் இருந்து வெளியே வருகிறவர்கள் நேரே தேநீரைத் தேடிப் போவார்கள். அவளுடைய கூட்டத்துக்கு, அழைக்கப்படாத தாதியர்கூட வந்து நின்றார்கள். என் திட்டமும் அதே தாழ்வாரத்தில்தான் நீளமாகத் தொங்கியது. அதன் முன்னால் ஒருவரும் நின்று நான் பார்க்கவில்லை.

பெயரில்கூட அவளுக்கு அதிர்ஷ்டம். சிவயோகமலர் என்ற என் பெயரை அலுவலகத்தில் யோகா என்று சுருக்கிவிட்டார்கள். நானும் பல வருடங்களாக அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். சுதா என்பதைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் மேலதிகாரியான பணிப்பாளர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, கண்டிப்பானவர், அதிகம் சிரிக்காதவர். அவர் சுதாவின் பெயரை அழகாக, திருத்தமாக உச்சரிப்பார்.

அவளை வெறுக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் என்னை மலர் அக்கா என்று கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துப் பாதியைத் தருவாள். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவளை 'நீர்' என்று சொல்லுவேன். முதலில் அது அவளுக்கு ராஜா ராணி நாடகத்தில் பேசுவதுபோல இருந்ததாம், பிறகு பிடித்துப் போய்விட்டதாம். இதை அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மாலை பிளேஸ்டோவில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, பணிப்பாளர் அவளுடைய சுவரைப் படம் எடுத்து மற்ற வைத்தியசாலைகளுக்கு அனுப்பியதை நினைத்துக்கொண்டே போனேன். என் கணவர் ஒருநாள் கேட்டார், அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைக்காமல் என்னால் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட ஏலாதா என்று.

இந்த நிலையில்தான் டயாலிசிஸ் பிரிவை மாற்றுகிற வேலை வந்தது.

சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் கிழமைக்கு மூன்று தரம் வந்து இயந்திரத்தோடு இணைந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் அது. பழைய கட்டடத்தில் கூரை ஒழுகியது. கொஞ்சம் தள்ளிப் புதிய கட்டடம் தயாராகிக்கொண்டிருந்தது. இயந்திரங்கள், நோயாளிகள் உட்காரும் கதிரைகள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் பெரிய அமைப்பு எல்லாமே அங்கே புதிது. நோயாளிகளையும் தாதியரையும் அங்கே கொண்டுபோக வேண்டும். அவர்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்குகிற கார்களையும் புதிய இடத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரு நோயாளிக்கும் ஒரு முறைகூடத் தவறக் கூடாது. தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறும், இதயம் நிற்கலாம்.

பணிப்பாளர் எங்கள் இருவரிடமும் தனித்தனியாக யோசனை கேட்டார். நான் வழக்கம்போல முழுத் திட்டம் எழுதினேன்: சனிக்கிழமை கடைசி நோயாளி போனதும் தொடங்கி, திங்கள் காலை முதல் நோயாளி வருவதற்குள் பிரிவு முழுவதும் மாறிவிட வேண்டும். சுதா வேறு மாதிரி எழுதினாள். முதலில் சில கதிரைகள், விருப்பமுள்ள சில நோயாளிகள். அதில் கற்றுக்கொண்டு அடுத்த கிழமை இன்னும் சிலர். எல்லோரும் போய்ச் சேரும்வரை இரண்டு இடமும் இயங்கும்.

பணிப்பாளருக்கு அவளுடையது பிடித்திருந்தது என்பது அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அனுபவம் என்னிடம் இருந்ததால், இரண்டையும் படித்துவிட்டு வரும் திங்கட்கிழமை உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள் என்றார். எதைச் சொல்கிறீர்களோ அதையே செய்வோம் என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் ரயிலிலேயே சுதாவின் யோசனையில் பிழை கண்டுபிடிக்கத் தொடங்கினேன். பிளேஸ்டோ வருவதற்குள் கைநிறையப் பிழைகள் கிடைத்துவிட்டன. அவ்வளவு வேகமாகக் கிடைத்ததுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. பல வருடமாக மற்றவர்களின் திட்டங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறவள் நான். இவ்வளவு உற்சாகமாக ஒருபோதும் படித்ததில்லை.

சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். இரண்டு யோசனைகளையும் கணினியில் திறந்து தலைப்பில் இருந்த பெயர்களை மாற்றினேன். அவளுடையதற்கு மேலே என் பெயர். என்னுடையதற்கு மேலே அவள் பெயர். அச்செடுத்து, சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்து முதலில் இருந்து படித்தேன்.

சின்னப்பிள்ளை விளையாட்டுப் போல இருக்கிறது அல்லவா? செய்து பாருங்கள். பொறாமை போகாது. ஆனால் அது பார்க்கிற திசை மாறும். சுதா என்ற பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு என் திட்டத்தைப் படித்தபோது, கார்கள் பற்றிய பகுதியில் என் கண் போய் நின்றது. யாரை எத்தனை மணிக்கு ஏற்றுவது, எந்தத் தெருவால் போவது, சிகிச்சை முடிந்து எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்புவது என்று அழகான அட்டவணை. முழுக்க ஊகம். சிகிச்சை முடிந்த ஒருவர் எழுந்து நடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. புதிய கட்டடத்தின் வாசலில் கார்கள் எப்படி நெருக்கப்படும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. 'எவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கிறாள் பார்' என்று எனக்கே எரிச்சல் வந்தது.

பிறகு என் பெயர் போட்ட சுதாவின் யோசனையைப் படித்தேன். ரயிலில் கண்டுபிடித்த பிழைகள் ஒன்றொன்றாக உதிர்ந்தன. பெரும்பாலானவை பிழைகளே இல்லை, எனக்குப் பழக்கமில்லாதவை, அவ்வளவுதான். ஒன்று மட்டும் எப்படிப் படித்தாலும் அசையாமல் நின்றது. இரண்டு இடமும் ஒரே நேரத்தில் இயங்கினால் தாதியர் இரண்டாகப் பிரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்த றெஜினாவைப் பிடித்தேன். றெஜினா மன்னார்க்காரி, டயாலிசிஸ் பிரிவின் தலைமைத் தாதி. தாதியரைப் பிரிக்க ஏலுமா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ஏலாது. கதிரையில இருக்கிற ஒராளுக்குப் பிரஷர் விழுந்தா எனக்கு உடனே ரெண்டு பேர் பக்கத்தில வேணும். பாதிப் பேரை அங்க அனுப்பினா ரெண்டு இடத்திலயும் ஆள் காணாது. ஒரு கிழமைக்குக்கூட ஏலாது."

திங்கட்கிழமை பணிப்பாளரிடம் போவதற்கு முன் சுதாவைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கூப்பிட்டேன். பிரிவை மாற்றுவது முழுத் திட்டப்படி ஒரே தடவையில் நடக்க வேண்டும், கார்கள் அவளுடைய முறையில் போக வேண்டும் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். இன்றைக்கு ஒரு கார் பிந்தினால் நாளைக்குத் திருத்தலாம், அந்தத் தவறில் இருந்து கற்கலாம். ஆள் இல்லாத அறையில் ஒருவர் மயங்கி விழுந்தால் அதை நாளைக்குத் திருத்த முடியாது. தாதியர் விஷயத்தை அவள் உடனே ஒப்புக்கொண்டாள். ஆனால் முகம் தெளியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? நீங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துறீங்க. அன்னைக்கு ஒண்ணு தப்பாச்சுன்னா எல்லாருக்குமே தப்பாயிடும். திரும்பி வர்றதுக்கு வழி எங்க இருக்கு? எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அது நியாயமான பயம். என் திட்டத்தில் திரும்பி வரும் வழி இருக்கவில்லை. அன்றைக்கே எழுதிச் சேர்த்தேன்: ஞாயிறு மதியம்வரை பழைய இடத்தின் இயந்திரம் ஒன்றைக்கூடக் கழற்றுவதில்லை. புதிய இடத்துத் தண்ணீரின் பரிசோதனை முடிவு மதியத்துக்குள் நல்லபடியாக வந்தால் போகிறோம். வராவிட்டால் எல்லோரும் பழைய இடத்துக்கே வருகிறார்கள். என் திட்டத்தில் இருந்த ஆகச் சிறந்த வரிகள் அவைதான். அவை அவளுடைய பயத்தில் இருந்து வந்தவை என்பது எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

பணிப்பாளர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இரண்டு முறை கலப்பது குழப்பமாக இருக்காதா என்று ஒரு தடவை கேட்டார். எந்தப் பகுதி யாருடையது என்பது தெளிவாக இருந்தால் குழப்பம் வராது என்றேன்.

அடுத்த சில கிழமைகள் எனக்கு நல்லவையாக இருக்கவில்லை. சுதா கார்ச் சாரதிகளோடு வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, ஒவ்வொரு நாளும் சின்னச் சின்ன மாற்றம் செய்து பார்த்தாள். சிகிச்சை முடிந்து களைத்துப்போய்க் காருக்காகக் காத்துக்கிடந்த நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். பிளேஸ்டோவில் எங்கள் தெருவிலேயே இருந்த செல்வரத்தினம் ஐயாவும் டயாலிசிஸுக்கு வருகிறவர். ஒருநாள் அவர் ஒரு கடை வாசலில் என்னை நிறுத்தி, முந்தியெல்லாம் காருக்குக் காத்திருந்தே அரை உயிர் போய்விடும் என்றும் இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டில் நிற்கிறார் என்றும் சொன்னார்.

"உங்கட ஒப்பீசில அந்த இந்தியப் பிள்ளை நல்ல கெட்டிக்காரி. நீங்களும் அங்கதானே வேலை செய்யிறீங்கள்?"

ஓம் என்றேன். 

மாற்றம் நடக்கும் சனிக்கிழமை வந்தது. இரவோடு இரவாக மருந்துகளும் மற்றப் பொருட்களும் போய்ச் சேர்ந்தன, எழுதியபடியே. ஞாயிறு காலை புதிய கட்டடத்தில் எல்லாக் கதிரைகளும் வரிசையாக நின்றன. பார்க்கவே அழகாக இருந்தது. மதியம் நெருங்கும்போது ஆய்வுகூடத்தில் இருந்து அழைப்பு வந்தது. பரிசோதனைக்கு எடுத்த தண்ணீர் மாதிரிகளில் ஒன்றில் கிருமி இருக்கிறதுபோலத் தெரிகிறது, அநேகமாக மாதிரி எடுத்தபோது நேர்ந்த தவறாக இருக்கும், மறுபடி பரிசோதித்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்கள். அதற்கு நாட்கள் எடுக்கும்.

பணிப்பாளருக்குச் சொன்னேன். திங்கட்கிழமை புதிய பிரிவைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபம். ஆய்வுகூடமே 'அநேகமாகத் தவறு' என்றுதானே சொல்கிறது, மற்ற மாதிரிகள் எல்லாம் சுத்தம்தானே, உங்கள் தீர்மானம் என்ன என்று அமைதியாகக் கேட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். றெஜினா அலுமாரியில் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுதா கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பார்வை எனக்குள் என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீரை மறந்தேன். நான் நிறுத்தினால் மலர் அக்காவின் முழுத் திட்டம் தோற்றுவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அதுவும் இவள் கண் முன்னால். கார்கள் வென்றன, கட்டடம் தோற்றது. அந்த ஒரு நிமிடம், 'போவோம்' என்ற சொல் என் வாய்வரை வந்து நின்றது.

டயாலிசிஸ் இயந்திரத்தில் அந்தத் தண்ணீருக்கும் மனிதனுடைய இரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. செல்வரத்தினம் ஐயா திங்கட்கிழமை காலை முதலில் வருகிற நோயாளிகளில் ஒருவர். சில கிழமைகளுக்கு முன், அவசரம் இல்லாத ஒரு நாளில், சுதாவின் பயத்தைக் கேட்டு நானே எழுதிய வரி இருக்கிறது. அந்த நாளில் எழுதியவள் இப்போது போனோடு நிற்கிறவளைவிட நிதானமானவள் என்று தோன்றியது. அவள் பேச்சைக் கேட்பது நல்லது.

"போறதில்லை," என்று தமிழில் வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் பணிப்பாளருக்குச் சொன்னேன்.

அவர் சரி என்று வைத்துவிட்டார். நான் றெஜினா பக்கம் திரும்பி, பொருட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அப்போதுதான் அடுத்தது உறைத்தது. நோயாளிகள் எல்லோருக்கும் புதிய இடத்துக்கு வரும்படி சொல்லியாகிவிட்டது. சாரதிகளுக்கும் அப்படியே. என் திட்டத்தில் இதற்கு 'எல்லோருக்கும் அறிவிக்கவும்' என்று ஒரு வரிதான் இருந்தது. யார், எப்படி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு அறிவிப்பது என்று நான் யோசித்திருக்கவில்லை.

சுதா ஏற்கனவே போனை எடுத்திருந்தாள்.

"வண்டி எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் அக்கா. நீங்க இங்க பாருங்க."

ஒவ்வொரு நாளும் மாறி மாறிப் பழகிய சாரதிகளுக்கு அது இன்னொரு மாற்றம், அவ்வளவுதான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லா நோயாளிகளுக்கும் செய்தி போய்விட்டது. திங்கள் காலை எல்லோரும் பழைய கட்டடத்தில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே, தங்கள் தங்கள் கதிரையில் இருந்தார்கள். ஒருவருக்கும் தவறவில்லை. அதே கிழமையில் மறுபரிசோதனை முடிவு வந்தது. மாதிரி எடுத்ததில் தவறில்லை. ஒரு குழாய்ப் பகுதியில் உண்மையாகவே கிருமி இருந்தது. சுத்தம் செய்தார்கள், மறுபடி பரிசோதித்தார்கள், நல்ல முடிவு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே திட்டப்படி மாறினோம். அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அவ்வளவு திருத்தமாகப் போனது. ஒன்றும் நடக்காத நாளுக்கு ஒருவரும் கை தட்டுவதில்லை என்பதை, முழுத் திட்டம் போடுகிறவர்களாகப் போகும் உங்களில் சிலருக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்களைத் திருப்பிய கதைக்குத்தான் கை தட்டினார்கள். பணிப்பாளர் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் சுதாவுக்கும் அவள் குழுவுக்கும் நன்றி இருந்தது. கீழே என் பொறுமைக்கும் ஒரு நன்றி இருந்தது. அந்த ஆண்டே திட்டப் பிரிவின் தலைமைப் பதவி காலியானது. இருவரும் விண்ணப்பித்தோம். சுதாவுக்குக் கிடைத்தது.

நேர்முகத்தில் அவளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டார்களாம். கேட்டவர்களில் றெஜினாவும் ஒருத்தி. பதவி விவரம் வெளியான பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். கார்களைத் திருப்பியது பெரிய காரியமே இல்லை, எல்லாம் தயாராக நிற்கும்போது நிறுத்துவதுதான் கஷ்டம், அதை மலர் அக்கா செய்தார் என்று சுதா சொல்லியிருக்கிறாள். றெஜினா நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள். எனக்கு இன்னும் எரிந்தது. நல்லவளாக இருப்பதில்கூட அவள் என்னை முந்திவிட்டாள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். தவறினால் நாளைக்குத் திருத்தக்கூடியதைச் சின்னச் சின்னதாகச் செய்து பாருங்கள். திருத்த முடியாததை முழுதாக யோசித்துத் திட்டமிடுங்கள், திரும்பி வரும் வழியையும் சேர்த்து. பெரிய வேலைகளில் இரண்டும் ஒரே கூரைக்குள் இருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும். இது சுலபம். உங்கள் கண்ணை நம்பலாமா என்பதுதான் கஷ்டம். பொறாமை இல்லாதவர்களாகும்வரை காத்திருக்காதீர்கள், அப்படி ஒரு நாள் வராது. பொறாமைக்குக் கூர்மையான பார்வை இருக்கிறது. பிழை கண்டுபிடிக்க அதைப்போல ஒன்று இல்லை. அதை ஒருதரம் உங்கள் சொந்த வேலையின் பக்கம் திருப்பி வையுங்கள்.

நான் ஓய்வு பெற்றுக் கொஞ்சக் காலமாகிறது. போன மாதம் சுதா போன் செய்தாள். இப்போது வேறொரு பெரிய இடத்தில் இருக்கிறாள். பிரசவப் பிரிவொன்றை மாற்றப் போகிறார்களாம், குழுவில் பாதிப் பேர் படிப்படியாக என்கிறார்கள், பாதிப் பேர் ஒரே தடவையில் என்கிறார்கள். அவளுக்குத் தூக்கம் இல்லையாம்.

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க அக்கா?"

நிறையக் கேள்வி கேட்டேன். பிள்ளை பெறுகிறவர்கள் நாள் பார்த்து வருவதில்லை, ஒரு வாசலை மூடி மற்றதைத் திறப்பது எந்த நேரத்தில் என்பதில் இருந்து நீர் தொடங்கும் என்றேன். நீண்ட நேரம் பேசினோம். அவள் நடுவில் நடுவில் எழுதிக்கொள்வது கேட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

நான் போனை மேசையில் வைத்தேன். அவளுடைய பதவி மேல் எனக்கு இப்போது ஆசை இல்லை, பாராட்டு மேலும் இல்லை. ஆனால் அந்தப் பிரசவப் பிரிவு, அந்தச் சண்டை போடுகிற குழு, தூக்கம் வராத இரவு, இதா அதா என்று தீர்மானிக்க வேண்டிய திங்கட்கிழமை, எல்லாம் அவளிடம் இருக்கின்றன. உங்களிடமும் இருக்கின்றன. என்னிடம் கேட்கும் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து வேலைக்குப் போவீர்கள். அப்போதும் எனக்கு நெஞ்சுக்குள் அதே இடத்தில்தான் எரியும்.